விமானி லீவில் இருக்கிறார்

எங்கள் பள்ளியில் இப்போது வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். பிள்ளை வகுப்பில் இல்லாவிட்டால் முதல் பீரியட் முடிவதற்குள் தகப்பனின் செல்போனுக்குத் தகவல் போய்விடுமாம். பெரிய காரியம்தான். இதை என்னிடம் வந்து சொன்னவர் சஜி, அங்கே இப்போதைய டிரில் மாஸ்டர். டிரில் மாஸ்டர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, உடற்கல்வி ஆசிரியர் என்று சொல்ல வேண்டும். நான் விட்டுவிட்டு வந்த விசிலை இப்போது ஊதுகிறவர் அவர்தான்.

கரமனையில் நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டைத் தேடிப்பிடித்து அவர் வந்தது கம்ப்யூட்டர் பெருமை பேச மட்டுமல்ல.

“சாரே, ஸ்கூல் மலருக்கு அந்த பைலட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரணும். அவரை அறியற ஆளு இனி சார் மட்டும்தானே உள்ளு.”

“நான் அவரைக் கண்ணால பாத்ததே கெடையாது, கேட்டேரா” என்றேன்.

சஜி சிரித்தார். கிழவன் விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார். நான் விளையாடவில்லை. அந்த விமானியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி, வருஷத்துக்கு ஒருமுறை, அவருக்காகப் பள்ளிக்கூடம் முழுவதையும் திருப்பி நிறுத்தியவன் நான்தான். அதை எழுதச் சொன்னால் எழுதலாம்.

நான் நாஞ்சில்நாட்டுக்காரன். பள்ளியிறுதி தேறி, உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சியும் முடித்தேன். லெசிம், டம்பெல்ஸ், கபடி விதிகள், சுளுக்கு விழுந்தால் கட்டுப்போடுவது என்று அங்கே என்னென்னவோ கற்றுத் தந்தார்கள். கடைசிவரை எனக்குச் சோறு போட்டவை இரண்டுதான்: பிள்ளைகளை வரிசையாக நிறுத்தவும், சொன்ன திசைக்குத் திருப்பவும் தெரிந்திருந்தது. அந்த மூலதனத்தோடு திருவனந்தபுரம் வந்து, கிழக்கேகோட்டைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். மலையாளப் பிரிவு பெரியது, தமிழ்ப் பிரிவு சின்னது. விசில் சத்தத்துக்குப் பாஷை இல்லையாதலால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

விமானியின் பெயர் என். அனந்தராமன். எங்கள் பள்ளியில் படித்து, நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே வெளியேறி, விமானப்படையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டுகிறவராகிவிட்டார். எழுபத்தொன்றில் போர் வந்தது. டிசம்பரில் அவர் ஓட்டிச்சென்ற விமானம் திரும்பி வரவில்லை. அது விழுந்ததைப் பார்த்தவர் இல்லை, உடலும் கிடைக்கவில்லை. கோட்டைக்குப் பக்கத்தில் ஸ்ரீவராகத்தில் இருந்த அவர் மனைவி கோமதிக்கு வந்த தந்தியில் ‘காணவில்லை’ என்றுதான் இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு அது போதவில்லை. ஆசிரியர்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்துவது என்று முடிவு செய்தோம். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, இரண்டு நிமிஷ மௌனம், எல்லாம் ஏற்பாடாயிற்று. கூட்டத்துக்கு மனைவியை அழைக்கத் தலைமையாசிரியர் நீலகண்டன் சார் நேரில் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார், நான் இளவட்டம், சைக்கிள் வைத்திருந்தேன்.

நீலகண்டன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். வேட்டிக்கு மேல் கழுத்துவரை மூடிய கோட்டுப் போடுவார். பூகோளம் அவர் பாடம். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இன்னும் தாழ்ந்துபோகும். யாரையாவது கண்டிக்க வேண்டுமானால் முதலில் “உக்காருங்கோ” என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. தமாஷ் மாதிரி ஏதாவது சொன்னாலும் உத்தரவு மாதிரிதான் இருக்கும்.

ஸ்ரீவராகத்து வீட்டில் கோமதியம்மாள்தான் கதவைத் திறந்தார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு, இருபத்தைந்து இருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார் போல. நெற்றியில் பெரிய குங்குமம், தலையில் பூ. அந்தப் பூவைப் பார்த்ததும் எனக்கு நாங்கள் வந்த காரியத்தை நினைத்துக் கூச்சமாகிவிட்டது.

சார் உட்கார்ந்தார். “அனந்தன் என் ஸ்டூடண்ட்டாக்கும்” என்றார்.

“தெரியும். சொல்லிண்டே இருப்பர். மேப்பில ஊரைத் தப்பான எடத்தில குறிச்சா அடி கிட்டும்னு.”

சாரின் கை கோட்டுப்பைக்குள் இருந்தது. கூட்டத்தின் அழைப்பிதழ் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் கை வெறுமனே வெளியே வந்தது.

“அனந்தன் லீவ் லெட்டர் ஏதாவது குடுத்துட்டுப் போனானோ?” என்று கேட்டார்.

கோமதியம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான் புரியவில்லை. “இல்லையே” என்றார் அவர்.

“லெட்டர் இல்லாம வரலைன்னா ஆப்சென்ட். ஆப்சென்ட் நீண்டுபோனா பேரை வெட்டணும், அது ரூல். லீவ்னா வெட்டவேண்டாம். அதனால நானே சாங்ஷன் பண்ணிடறேன். திரும்பி வந்தப்புறம் லெட்டர் எழுதிக் குடுத்தா போரும்.”

கோமதியம்மாள் சிரித்தார். சிரித்த பிறகுதான் அழுதார். தந்தி வந்த நாளிலிருந்து அவர் அழவில்லையென்று அக்கம்பக்கத்தில் குறை சொல்லிக்கொண்டிருந்ததை நான் பின்னால் கேள்விப்பட்டேன்.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு நடந்தேன். சார் முகத்தைப் பாராமல் சொன்னார்: “மாஸ்டரே, கூட்டம் கெடையாது. மௌனம் கெடையாது. மாலை கெடையவே கெடையாது. அவனுக்கு நாம அட்டெண்டன்ஸ் எடுப்போம்.”

இப்படித்தான் அந்த வழக்கம் வந்தது. வேறு எந்தப் பள்ளியிலும் இப்படி ஒன்று இருந்ததாக நான் கேட்டதில்லை. ஜூன் மாதம் மேல் வகுப்பின் வருகைப் பதிவேடு எழுதும்போது, கடைசி மாணவனுக்குக் கீழே ஒரு வரி விட்டு ‘என். அனந்தராமன்’ என்று எழுதிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின காலை அசெம்பிளியில் அந்த ஒரு பேரைத் தலைமையாசிரியர் கூப்பிடுவார்.

எங்கள் அசெம்பிளியில் பிள்ளைகள் வராந்தாவைப் பார்த்து நிற்பார்கள், கேட் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அன்றைக்கு மட்டும் நீலகண்டன் சார் அதை மாற்றினார். “வர்றவன் கேட் வழியாத்தானே வருவன்? அவனுக்கு முதுகைக் காட்டிண்டு நின்னா மரியாதையோ?” என்றார். ஆகவே நான் “அபவுட் டர்ன்” கொடுப்பேன். பள்ளிக்கூடம் முழுதும் கேட்டைப் பார்த்துத் திரும்பும். மணியடித்ததும் சாத்திவிடுகிற கேட், அன்று முழுக்கத் திறந்திருக்கும். யாரும் சிரித்தாலோ அசைந்தாலோ தெரியவேண்டுமென்று என்னைக் கேட்டின் நடுவில், பிள்ளைகளைப் பார்த்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கேட்டைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் கேட் முதுகுப்பக்கம்.

சார் வராந்தா ஓரத்துக்கு வந்து மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். மைக் வைத்துக்கொள்ள மாட்டார். “என். அனந்தராமன்” என்பார். பிறகு வகுப்பில் ஒரு பிள்ளை பின் வரிசையிலிருந்து எழுந்து பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். மறுபடி கூப்பிடுவார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டுக் காத்திருந்துவிட்டு, பதிவேட்டில் குறித்து, “ஆன் லீவ்” என்று உரக்கச் சொல்வார். அவ்வளவுதான். நான் பிள்ளைகளைத் திருப்பி வகுப்புக்கு அனுப்புவேன்.

முதல் வருஷம் இது முடிந்து மைதானம் காலியானதும் சார் என்னிடம், “உக்காருங்கோ” என்றார். நான் என்ன தப்புச் செய்தேனோ என்று உட்கார்ந்தேன். “நான்தான் அவனுக்கு மேப் பாக்கச் சொல்லிக்குடுத்தேன். அவன் குண்டு போட்ட எடத்திலயும் ஒரு ஸ்கூல் இருந்திருக்குமோல்லியோ, மாஸ்டரே? அங்கேயும் ஒருத்தன் அட்டெண்டன்ஸ் எடுத்துண்டிருப்பன்” என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இதை அவர் வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

கோமதியம்மாளுக்கு வராந்தாவில், தலைமையாசிரியருக்குப் பின்னால் ஒரு நாற்காலி போடுவோம். வருஷந்தோறும் வருவார். அவரைச் சில நாள் முன்னதாக வீட்டுக்குப் போய் அழைப்பது என் வேலை. உள்ளே வரச்சொல்லிக் காப்பி தருவார். கூடத்துச் சுவரில் அனந்தராமன் விமானப்படை உடுப்பில், மாலை இல்லாமல், பொட்டு இல்லாமல் இருப்பார். நான் எழுந்து புறப்படும்போது கோமதியம்மாள் தவறாமல் ஒன்று கேட்பார்: “கேட்டைத் தொறந்து வெப்பேளோல்லியோ, மாஸ்டர்?”

“வெச்சிருப்பேன்மா.”

பேர் கூப்பிடும்போது பிள்ளைகள் அவருக்கு முதுகு காட்டி நிற்பார்கள். தலைமையாசிரியரும் அவருக்கு முன்னால். கேட்டில் நின்ற எனக்கு மட்டும்தான் அவர் முகம் நேரே தெரியும். முதல் தடவை கூப்பிடும்போது இமைக்க மாட்டார். இரண்டாவது தடவையில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வார். மூன்றாவதற்குப் பிறகு அந்த முகம் அணைந்து, உடனே சாதாரணமாகிவிடும். அதை வருஷந்தோறும் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்ததை யாரிடமும் பேசவும் முடியாது.

நடுவில் என் கதையும் ஒன்று நடந்தது. என் மனைவி பகவதி மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். பிள்ளையில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்களே ஆணியடித்து, அவள் படத்தை மாட்டி, மாலையும் போட்டு, சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். எல்லாம் முறையாக முடிந்தது. எனக்கு அந்த முறையின் மேல் ஆத்திரமாக வந்தது. அந்த வருஷம் ஸ்ரீவராகத்தில் காப்பி குடிக்கும்போது மாலையில்லாத அந்தப் படத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்குப் பதினாறு நாளில் முடிந்த ஒன்று அந்த வீட்டில் முடியாமலே இருந்தது.

நீலகண்டன் சார் ஓய்வு பெற்றார், காலமும் ஆனார். தலைமையாசிரியர்கள் மாறினார்கள். வழக்கம் நின்றுவிடவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஞானதாஸ் சார் வந்தார். பாறசாலைப் பக்கத்து மனிதர், சுறுசுறுப்பு, காரியக்காரர். காலையில் கழிவறைகளைச் சுற்றிப்பார்த்துவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். அப்படி ஒரு தலைமையாசிரியரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கெட்டவரல்ல. ஆனால் எதுவும் முடிக்கப்படாமல் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. பழைய மாணவர்கள் பணம் சேர்த்து ‘வீரமரணம் அடைந்த’ என்று தொடங்கும் பளிங்குக்கல் ஒன்றை வைக்கத் தயாரானபோது, அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மாஸ்டரே, நான் ஒண்ணும் மனசில வச்சிட்டுச் சொல்லல்ல. இந்த லீவு விஷயம் இப்பத்தப் பிள்ளையளுக்குப் பிடி கிட்டல்ல. ஒரு கல்லு வச்சு, வருசந்தோறும் ஒரு மாலை போட்டா எல்லாருக்கும் மனசிலாவும். நீங்க அந்த அம்மாகிட்ட ஒண்ணு பறயணும்.”

“அழைக்கது என் வேலை சார். கல்லு விஷயம் நீங்களே கேட்டுக்கிடுங்க” என்றேன். குரல் கொஞ்சம் தடித்துத்தான் வந்தது.

அவரே போய்க் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். கல் வைத்தால் மாலை உண்டு, மாலை விழுந்தால் லீவு முடிந்தது. அது கோமதியம்மாளுக்குத் தெரியாதா? “அன்னிக்கு அசெம்பிளிக்கு வரேன், அப்போ சொல்றேன்” என்று அனுப்பிவிட்டாராம். நான் அழைக்கப் போனபோது கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டைப் பற்றி வழக்கம்போலக் கேட்டார்.

அந்த நாளும் வந்தது. நான் பிள்ளைகளைத் திருப்பிவிட்டுக் கேட்டில் போய் நின்றேன். கோமதியம்மாளுக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. குங்குமம் மட்டும் பழைய அளவு. ஞானதாஸ் சார் கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். மூன்றாவதாக, “என். அனந்தராமன்” என்றார்.

“உள்ளேன் ஐயா!”

பளிச்சென்று ஒரு குரல். எங்கள் பள்ளியில் “பிரசன்ட் சார்” என்பதுதான் வழக்கம். “உள்ளேன் ஐயா” யாரும் சொல்வதில்லை. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் முன் நான் வராந்தாவைப் பார்த்துவிட்டேன்.

கோமதியம்மாள் எழுந்து நின்றிருந்தார். எல்லாரும் பார்க்கிற இடத்தைத்தானே அவரும் பார்ப்பார்? கேட்டைப் பார்த்தார். கேட்டில் நான் நின்றேன். அந்த முகம் அப்படியே மலர்ந்தது. என் ஆயுசில் ஒரு பெண் என்னை நோக்கி அப்படி முகம் மலர்ந்ததில்லை. அதுவும் எனக்காக மலர்ந்ததல்ல. விலகி நிற்கவேண்டும் என்று தோன்றியது, விலகவில்லை.

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. “எலே, சத்தம்!” என்று நான் போட்ட கூச்சலில் அடங்கியது. அதற்குள் கோமதியம்மாள் படியிறங்கிவிட்டார். ஞானதாஸ் சார் தடுக்கப் பார்த்து நின்றுவிட்டார். வரிசைகளுக்குள் நுழைந்து, முதுகுகளைக் கடந்து முன்னால் வந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிள்ளைகள் அட்டென்ஷனில் நின்றார்கள். நான் இன்னும் ஸ்டாண்ட் ஈஸி சொல்லவில்லையே.

எட்டாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவு வரிசையில் ஒருவன் அழுவதற்குத் தயாராக நின்றான். பேர் முருகேசன். போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பையன், அந்த வருஷம்தான் ஹாஸ்டலில் சேர்ந்திருந்தான். இந்த வழக்கமெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஞானதாஸ் சார் வந்து அவன் கையைப் பிடித்தார்.

“விளையாட்டாடா இது?”

“இல்ல சார். மூணு தடவ கூப்புட்டீங்க சார். யாருமே சொல்லல. பேர வெட்டிருவீங்கன்னு...” பையன் தேம்பினான். “எங்க அக்காவுக்கு அப்பிடித்தான் சார் வெட்டுனாங்க. அம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு அக்கா வீட்ல இருந்திச்சு. பக்கத்துல யாராச்சும் உள்ளேன்னு சொல்லியிருந்தா வெட்டிருக்க மாட்டாங்க.”

அந்த அனந்தராமன் யாரென்று அவனுக்குத் தெரியாது. யாரோ ஒரு பையன் வரவில்லை, அவன் பேர் போய்விடக் கூடாது. அதற்காகப் பள்ளிக்கூடமே கேட்கப் பொய் சொல்லியிருக்கிறான்.

கோமதியம்மாள் அவன் முன்னால் வந்து நின்றார். “நீயா சொன்னே?”

“ஆமா டீச்சர்.”

“ரொம்ப உபகாரம்” என்றார். பெரியவரிடம் சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு ஞானதாஸ் சாரிடம், “இவனை ஒண்ணும் பண்ணப்படாது, கேட்டேளா?” என்றார். சார் உடனே கையை விட்டுவிட்டார்.

ஆசிரியர் அறையில் கோமதியம்மாளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். மற்றவர்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“எக்ஸ்சேஞ்சில ஆயுசு பூரா குரல் கேட்டுண்டு உக்காந்திருக்கறவ நான். அது கொழந்தை குரல்னு தெரியாமப் போகுமோ? தெரிஞ்சுதான் எழுந்தேன். கால் நிக்கலை, மாஸ்டர்.”

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“முகம் முகமாப் பாத்துண்டு போறச்சேதான் எனக்கு மனசிலாச்சு. நான் தேடறது அந்தப் படத்தில இருக்கற முகத்தை. அது இருபத்தொம்பது வயசு முகமாக்கும். அவர் இருந்தா இப்போ அம்பதைத் தாண்டியிருப்பர். தலை நரைச்சு, பல் விழுந்து... நெஜமாவே கேட் வழியா வந்தா எனக்கு அவரைத் தெரியாது, மாஸ்டர். ஆரோ வரான்னு நெனச்சிண்டு நான் அவருக்குப் பின்னாடி பாத்துண்டிருப்பேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “பேரை வெட்டச் சொல்லிடுங்கோ.”

எனக்குக் கோபம் வந்தது. “அது எப்பிடிம்மா? நீலகண்டன் சார் சாங்ஷன் பண்ணின லீவு. வெட்ட இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல” என்று என்னென்னவோ சொன்னேன். இன்னும் கொஞ்சம் விட்டால் அதட்டியிருப்பேன். கணவனை இழந்தது அவர். வழக்காடிக்கொண்டிருந்தது நான்.

அவர் கோபிக்கவில்லை. “நீங்க பகவதிக்குப் பதினாறாம் நாளே மாலை போட்டுட்டேள். எனக்கு அது எப்படிப் போடறதுன்னே தெரியாது. பூக்கடைக்குக் கூட வரேளா?” என்றார்.

அதற்கு மேல் நான் என்ன வழக்காடுவது?

தலைமையாசிரியர் அறையில் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். ஞானதாஸ் சார் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். பேரை வெட்டினால் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். அவர் பேனா அங்கே போய் நின்றுவிட்டது. கல்லில் அவ்வளவு பெரிய எழுத்தில் ‘வீரமரணம்’ என்று வெட்டச் சொன்ன மனிதருக்கு, கோமதியம்மாள் எதிரில் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. “என்னம்மா எழுத?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வரலைன்னு எழுதிக்கோங்கோ.”

அப்படியே எழுதினார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது அவர் எனக்கு நீலகண்டன் சார் மாதிரியே இருந்தார்.

கல் திறப்பு ஜனவரியில். முந்தின மாலை கோமதியம்மாளோடு கிழக்கேகோட்டைக்குப் போனேன். கோயிலுக்குப் போகிறவர்களும் பஸ் பிடிக்கிறவர்களும் மோதிக்கொள்ளும் அந்தக் கும்பலில், பூக்கடைக்காரர் நாரை நறுக்கிக்கொண்டே, “மாலை எந்தினா? கல்யாணத்தினோ?” என்று கேட்டார். கோமதியம்மாள் என்னைப் பார்த்தார்.

“போட்டோவுக்கு” என்றேன் நான்.

“எத்தர வலுப்பம் வேணும்?”

கோமதியம்மாள் படத்தின் அளவைக் காட்ட இரண்டு கைகளையும் விரித்தார். விரித்த கைகளை மடக்காமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார். பூக்கடைக்காரர் “மதி, மதி, மனசிலாயி” என்றார். பிச்சியும் அரளியும் கலந்து கட்டித் தந்தார். கோமதியம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை. நான் சுமந்துகொண்டு ஸ்ரீவராகம்வரை நடந்தேன்.

அதற்குப் பிறகு கோமதியம்மாள் வேலையை முடித்துக்கொண்டு சென்னையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் சொல்லியனுப்பினார், நானும் போய் விடைபெற்றேன். நல்லபடியாக இருப்பார் என்றுதான் நினைக்கிறேன். டிசம்பர் வந்தால் ஸ்ரீவராகம் போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. நான் ஓய்வு பெற்று, என் பேரும் ஆசிரியர் பதிவேட்டிலிருந்து போனது. வருஷத்தில் ஒருநாள் குடித்த அந்தக் காப்பிதான் இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே சொந்தம் என்பது அதன் பிறகே தெரிந்தது.

சஜி, நீர் கேட்டது விமானியைப் பற்றி. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கல் திறப்பு நாளில் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

அன்று காலை கடைசியாக ஒரு தடவை பிள்ளைகள் கேட்டைப் பார்த்து நிற்கட்டும் என்று கோமதியம்மாள் கேட்டிருந்தார். நிறுத்தினேன். பேர் கூப்பிடவில்லை. கொஞ்சநேரம் கழித்து ஞானதாஸ் சார் தலையசைத்தார். நான் கேட்டில் நின்றபடி “அபவுட் டர்ன்” சொன்னேன். முருகேசன் உட்படப் பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே சத்தமாகக் காலைத் தட்டி வராந்தாவைப் பார்த்துத் திரும்பியது. அங்கே கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்த படத்துக்குக் கோமதியம்மாள் மாலையைத் தூக்கினார். எல்லா முதுகும் என் பக்கம். என்னை யாரும் பார்க்கவில்லை.

நானும் திரும்பினேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக நான் அந்தக் கேட்டைப் பார்த்து நின்றேன். எனக்கும் ஒருத்தி வரவேண்டியிருந்தது, பகவதி. பின்னால் கைதட்டினார்கள். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று, காய்கறி வண்டிக்காரர் ஒருவர் போனார். கைதட்டல் ஓயும்வரை நின்று பார்த்துவிட்டு, கேட்டை இழுத்துச் சாத்தினேன்.